பதில் கிடைத்த பிறகும் பேச்சு முடிவதில்லை: ரயில் ரசிகர் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பாம்பன் பாலத்தையும் அதன்மேல் ஓடும் வண்டிகளையும் நேசிப்பவர்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழு சேர்ந்திருக்கிறார்கள். அங்கே அடிக்கடி நடப்பது இது. வெளியூரிலிருந்து சேர்ந்த ஒருவர், "நாளைக்குக் காலைல போட் மெயில் பாலத்தைத் தாண்டுறதைப் படம் எடுக்கணும், எங்க நிக்கலாம்?" என்று கேட்பார். மண்டபத்தில் இருப்பவர் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், கரையில் எதுவரை நடந்து போகலாம் என்று பொறுமையாக எழுதுவார். பாம்பனில் இருப்பவர் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டு, காற்று பலமாக இருக்கிறது, முக்காலியைக் கெட்டியாக ஊன்றுங்கள் என்று சேர்ப்பார். அதன்பிறகு கேட்டவரிடமிருந்து ஒரு சொல்லும் வராது. போனாரா, வண்டி வந்ததா, படம் கிடைத்ததா, ஒன்றும் தெரியாது. படித்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

கேட்டவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேண்டியது கிடைத்தது, வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் பதில் எழுதியவர் பக்கம் நின்று பாருங்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுத் தட்டச்சு செய்திருப்பார். அல்லது கடையில் ஆள் நிற்கும்போது எழுதியிருப்பார். தான் சொன்னது உதவியதா, தவறாகச் சொல்லி ஒருவரை அலையவிட்டோமா என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை. இப்படியே நடந்தால் மெல்ல மெல்ல எழுதுவதைக் குறைத்துக்கொள்வார். ஒரு குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தாலும், விஷயம் தெரிந்து எழுதுகிறவர்கள் சிலர்தான். அவர்கள் ஒதுங்கிவிட்டால் குழு உயிரற்றுப் போகும்.

இந்தக் கடற்கரையில் அப்படியொரு குழுவைக் கவனித்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ரயில் குழுவை வைத்துத்தான் எழுதுகிறேன். பழைய திரைப்பாட்டு, கிரிக்கெட், கால்பந்து என்று எந்த ரசிகர் குழுவில் இருந்தாலும் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படும்.

சேர்ந்த முதல் நாள்

குழுவின் பெயரைத் தட்டி, விவரக்குறிப்பைப் படியுங்கள். மேலே பின் செய்து வைத்த செய்தி இருந்தால் அதையும் படியுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் சேர்வதற்கு முன் நடந்த பேச்சு வழக்கமாக உங்களுக்குத் தெரியாது. டெலிகிராமில் நிர்வாகி அனுமதித்திருந்தால் பழையதெல்லாம் தெரியும், தேடியும் பார்க்கலாம். ஓரிரு நாள் எதுவும் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தால் யார் எதில் தேர்ந்தவர், எந்த நேரத்தில் எழுதுவார் என்பது பிடிபடும்.

பிறகு இரண்டே வரியில் அறிமுகம்: "வணக்கம். ஊர் திருச்சி. ரயில் படம் எடுப்பேன், பாம்பன் பாலத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கச் சேர்ந்திருக்கேன்." இவ்வளவு போதும். வரவேற்று நாலு பேர் எழுதுவார்கள். அதற்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். ஆளுக்கொன்றாக நாலு செய்தி அனுப்பவும் வேண்டாம். எல்லாரையும் சேர்த்து ஒரு வரி போதும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து உறுப்பினர் "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க தம்பி" என்று எழுதினால், அந்த சலாத்துக்குப் பதில் வருவதை அவர் எதிர்பார்ப்பார். அப்படிச் சொல்லும் வழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் "வணக்கம்ணே, நல்லாருக்கீங்களா" என்றால் நிறைவாக இருக்கும். சும்மா விடுவதுதான் உறுத்தும்.

முறைவைத்துக் கூப்பிடுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் தங்களுக்குள் "மாமா", "மச்சான்" என்பார்கள். கீழக்கரைக்காரர்கள் மூத்தவரைக் "காக்கா" என்பார்கள், அக்காவை "ராத்தா" என்பார்கள். அதெல்லாம் அவர்கள் கூடிப் பழகி வந்த உறவு. நேற்றுச் சேர்ந்தவர் எடுத்த எடுப்பில் "மச்சான்" போடுவது நன்றாக இருக்காது. "ப்ரோ" என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற அறுபது வயதுக்காரரும் இருப்பார், கல்லூரி மாணவியும் இருப்பார். பெயரும் "நீங்க"வும் யாரையும் புண்படுத்தாது. பழகியபின் முறை தானாக வந்து சேரும்.

கேள்வியை எழுதும்போது

நல்ல மரியாதை கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. "பாம்பன் பிரிட்ஜ் டைமிங் ப்ளீஸ்" என்றால் பதில் சொல்ல வருபவர் முதலில் உங்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். ரயில் தாண்டும் நேரமா, கப்பலுக்கு வழிவிடத் தூக்குப்பாலம் உயரும் நேரமா? எந்த வண்டி? எந்த நாள்?

தூக்குப்பாலத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி, அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். பழைய பாலத்தில் இருந்த ஷெர்சர் வகைத் தூக்குப்பாலம் இரண்டு கைபோலப் பிரிந்து எழும்பியது. அன்றும் சரி, இன்றும் சரி, தூக்குப்பாலம் உயர்வதற்கு அன்றாடக் கால அட்டவணை கிடையாது. கடக்க வேண்டிய கப்பல்களும் படகுகளும் சேர்ந்து, துறைமுக அலுவலகம் அனுமதி கொடுத்து, ரயில் இல்லாத இடைவெளி பார்த்து, காற்றும் இடம் கொடுத்தால்தான் உயரும். ஆகவே "எப்ப தூக்குவாங்க?" என்பதற்கு உள்ளூர்க்காரரால் "கப்பல் வந்து நிக்குது, நாளைக்கு இருக்கலாம்" என்பதற்குமேல் சொல்ல முடியாது. அதை அவர் மழுப்புவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம் என்பதை ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியிலேயே பார்த்துவிடலாம். நேரில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரிந்ததைக் குழுவில் கேளுங்கள். இப்படி:

"வர்ற ஞாயிறு காலைல ராமேஸ்வரம் போற போட் மெயிலைப் படம் எடுக்க வர்றேன். ரோட்டுப் பாலத்துல நிக்காம மண்டபம் பக்கம் கரையில நிக்கலாம்னு நினைக்கிறேன். காலை வெயில் லென்ஸ்ல நேரா அடிக்குமா? சனிக்கிழமை ராத்திரிக்குள்ள தெரிஞ்சாப் போதும்."

எந்த நாள், எந்த வண்டி, எங்கே நிற்க நினைக்கிறார், எப்போதைக்குள் பதில் வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. படிப்பவருக்கு இந்த ஆள் யோசித்துக் கேட்கிறார் என்ற மதிப்பும் வரும்.

பதில் வரும்வரை

இந்தக் கடற்கரையின் நாள்கணக்கு வேறு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை காலையில் போனவர் மறுநாள் விடிந்துதான் கரைக்கு வருவார். கரையைவிட்டுத் தள்ளிப்போனால் சிக்னல் போய்விடும். வந்ததும் மீனை இறக்கி, எடைபோட்டு, குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். உங்கள் கேள்வியை அவர் பார்ப்பது ஞாயிறு மதியத்துக்கு மேல்தான். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அப்போது பதில் சட்டென்று வரும். ஆனால் அவர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீழக்கரைப் பக்கத்து உறுப்பினர்கள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 10 மணிக்கு நீங்கள் பெயரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டால் கோலாலம்பூரில் இருப்பவரின் போன் நள்ளிரவு 12:30க்கு ஒலிக்கும். குழுவை ஒலியடக்கி வைத்திருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அறிவிப்பு போய்விடும். எனவே அந்த @ குறியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கடியில் ஒரு மணி நேரத்தில் "??" போடுவதும், "யாருமே ரிப்ளை பண்ண மாட்டீங்களா" என்று எழுதுவதும் வேண்டாம். ஒரு நாள் பொறுத்து, உங்கள் பழைய செய்தியையே மேற்கோளாக எடுத்து, "நேத்துக் கேட்டது, நேரம் இருந்தா பாருங்க" என்று ஒருமுறை கேளுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அந்த விஷயம் தெரிந்தவர் அப்போது இல்லை, அவ்வளவுதான்.

பதில் வந்ததும்

பதில் எழுதியவரின் செய்தியை வாட்ஸ்அப்பில் வலப்பக்கம், டெலிகிராமில் இடப்பக்கம் இழுத்தால் அதை மேற்கோளாக வைத்து எழுதும் பெட்டி திறக்கும். அங்கேயே எழுதுங்கள். பேச்சு வேகமாக ஓடும் குழுவில் வெறுமனே "நன்றி" என்று போட்டால் யாருக்கு, எதற்கு என்றே தெரியாது.

என்ன எழுதுவது? பதிலைப் பார்த்துவிட்டீர்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், உங்களுக்கு என்ன புரிந்தது, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வது. உதாரணமாக:

"சரிண்ணே. அப்ப மண்டபம் ஸ்டேஷன்ல இறங்கி, விடியறதுக்கு முன்னாடியே கரைக்கு வந்துடுறேன். ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தல. போயிட்டு வந்து சொல்றேன்."

இப்படித் திருப்பிச் சொல்வதில் மரியாதையோடு பலனும் இருக்கிறது. மண்டபம் என்றும் மண்டபம் கேம்ப் என்றும் அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பது மண்டபம். இராமநாதபுரத்திலிருந்து வரும்போது கேம்ப் முதலில் வரும். வெளியூர்க்காரர்கள் பெயரைப் பார்த்துக் கேம்ப்பிலேயே இறங்கிவிடுவது உண்டு. "மண்டபம் கேம்ப்ல இறங்கி வர்றேன்" என்று நீங்கள் எழுதினால், "தம்பி, கேம்ப் இல்ல, அடுத்த ஸ்டேஷன்" என்று அடுத்த நிமிடமே யாராவது திருத்திவிடுவார்கள். வெறும் "ஓகே" போட்டிருந்தால் அந்தத் தவறு உங்களுக்குள்ளேயே இருந்து, விடியற்காலையில் தவறான ஸ்டேஷனில் நின்றிருப்பீர்கள்.

கட்டைவிரல் குறி எங்கே போதும்? வண்டி இராமநாதபுரம் தாண்டியது என்று ஒருவர் பொதுவாகச் சொல்கிறார். நிர்வாகி ஓர் அறிவிப்பு போடுகிறார். உங்கள் நன்றிக்கு அவர் "பரவால்ல" என்கிறார். அங்கெல்லாம் குறியே நல்லது, ஐம்பது பேர் போனை வீணாக ஒலிக்கவிடாது. ஒருவர் உங்களுக்காக யோசித்து, தேடி, நடந்துபோய்ப் பார்த்து எழுதியிருந்தால் அதற்குச் சொல்லால்தான் பதில் எழுத வேண்டும். கைகூப்பிய படம் ஒன்றை அங்கே ஒட்டிவிட்டுப் போவதை நான் போதாது என்றே கருதுகிறேன்.

மூன்று பேர் பதில் சொல்லியிருந்தால் ஒரே செய்தியில் மூவரையும் பெயரோடு சொல்லுங்கள், யார் சொன்னதில் எது உதவியது என்றும் சேர்த்து. ஒருவரை மட்டும் விட்டுவிட்டால் அது கண்ணில் படும். பதில்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் "இவர் சொன்னதுதான் சரி" என்று தீர்ப்பு எழுத உட்காராதீர்கள். "ரெண்டு இடத்தையும் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றால் இருவருக்கும் மனம் நிறையும்.

நன்றியைக் குழுவிலேயே சொல்லுங்கள். தனிச்செய்தியில் சொன்னால் கேள்வி தீர்ந்துவிட்டது என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல், வேலை மெனக்கெட்டு இன்னும் இரண்டு பேர் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

போய்வந்த பிறகு

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதுதான். எனக்கு எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். நீங்கள் போய்வந்தபின், அந்தப் பதில் என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்லுங்கள். கைகூப்பிய நூறு படங்கள் தராத நிறைவை, "நீங்க சொன்ன இடத்துல நின்னேன், வெயில் முதுகுப் பக்கம் இருந்துச்சு, படம் தெளிவா வந்துருக்கு" என்ற ஒரு வரி தந்துவிடும்.

படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வண்டி எத்தனை மணிக்குப் பாலத்தில் ஏறியது, காற்று எப்படி இருந்தது, கரையில் சேறு இருந்ததா, நின்ற இடத்தில் யாராவது ஆட்சேபித்தார்களா, எந்தப் பக்கம் கம்பங்கள் மறைத்தன என்றெல்லாம் எழுதுங்கள். அடுத்த மாதம் இதே கேள்வியோடு இன்னொருவர் வருவார். அப்போது நிர்வாகி உங்கள் செய்தியைத்தான் எடுத்துக் காட்டுவார். எங்கள் குழுவில் நல்ல குறிப்புகள் சேர்ந்திருப்பது இப்படித்தான். ஒவ்வொன்றும் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியது.

தோற்றுத் திரும்பியிருந்தாலும் எழுதுங்கள். "வண்டி ரெண்டு மணி நேரம் லேட், வெயில் உச்சிக்கு வந்துருச்சு, நினைச்ச படம் கிடைக்கல" என்பதும் தகவல்தான். காற்று மிகுந்த நாளில் வண்டியைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி வைப்பார்கள். பழைய பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள், அதற்கென்றே காற்றளவி வைத்திருந்தார்கள். நீங்கள் காத்திருந்து பார்த்ததை எழுதினால், அந்த மாதத்தில் வர நினைப்பவர் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புவார்.

நாள் கடந்துவிட்டது, இனி எழுதினால் நன்றாக இருக்குமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம். பழைய பதிலைத் தேடி எடுத்து, மேற்கோளாக வைத்து எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து வந்த வரியைப் படித்துவிட்டு, மகனிடம் போனைக் காட்டி மகிழ்ந்த பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களைத் திருத்தினால்

பாலத்தைப் பற்றித் தவறான செய்திகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. "1964 புயலுக்கப்புறம் ஸ்ரீதரன் கட்டின பாலம்" என்று நீங்கள் எங்கோ படித்ததைப் போட்டிருப்பீர்கள். உடனே ஒருவர், பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் செய்தது புயலில் சிதைந்ததை 46 நாளில் சீரமைத்தது என்று எழுதுவார். இந்த இடத்தில் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது தங்கள் செய்தியை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் திருத்தியவரின் செய்தி தலையும் காலும் இல்லாமல் நிற்கும். "ஆமா, நீங்க சொல்றதுதான் சரி, தெரிஞ்சுக்கிட்டேன்" என்று அதற்குக் கீழே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் உங்கள் செய்தியையே திருத்தவும் முடியும். டெலிகிராமில் அதற்கு 48 மணி நேரம் இருக்கிறது. திருத்தியபின் "திருத்தியது" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

அவர் சொன்னதுதான் தவறென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், ஆதாரத்தோடு மெதுவாகச் சொல்லுங்கள். அவர் காட்டிய இடத்துக்குப் போய் அது மாறியிருப்பதைக் கண்டால், "நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க" என்று எழுதுவதைவிட "இப்ப அங்க வேலி போட்டுட்டாங்கண்ணே, அதனால கொஞ்சம் தள்ளி நின்னேன்" என்பது உண்மையையும் சொல்லும், அவரையும் தாழ்த்தாது.

பாதுகாப்பு பற்றி யாராவது கண்டிப்பாக எழுதினால் மட்டும் வாதம் செய்யாதீர்கள். தண்டவாளத்திலோ பாலத்தின் நடைபாதையிலோ அனுமதியின்றி ஏறுவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ, ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடலாமா என்று கேட்டவருக்கு "வேண்டாம்பா" என்று பதில் வந்தால் அது உங்களைக் காப்பாற்றச் சொன்ன சொல். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

1964 பற்றிக் கேட்கும்போது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. தனுஷ்கோடி ஊரே போனது. ரயில் ரசிகர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பது தவறில்லை. வெளியூர்க்காரருக்கு அது வரலாறு. இந்தத் தீவில் இருப்பவர்களில் சிலருக்கு அது தாத்தா, பெரியம்மா, பக்கத்து வீட்டுக் குடும்பம். குழுவிலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் சொன்னாலொழிய உங்களுக்குத் தெரியாது.

ஆகவே "அந்தப் பேய் ரயில் கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "அந்தப் புயலைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வீட்டுப் பெரியவங்க சொன்னது ஏதாவது பகிர்ந்துக்க விருப்பம் இருந்தா கேட்க ஆசைப்படுறேன்" என்று கேளுங்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் எண் மாறும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு குழுவில் சண்டை போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த, அலையில் முங்கும் ரயில் படங்களை "அரிய புகைப்படம்" என்று போடாதீர்கள்.

யாராவது தன் வீட்டுக் கதையை எழுதினால், அதற்கு வரும் பதில்தான் அவர் இனி எழுதுவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்யும். ஒருவர் குரல்பதிவில் தன் அப்பா அன்று எப்படி உயிர் பிழைத்தார் என்று ஏழெட்டு நிமிடம் சொல்கிறார் என்று வையுங்கள். முழுதும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அதில் உங்களைத் தொட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: "முழுசாக் கேட்டேன்ணே. விடிஞ்சதும் அப்பா மணல்மேட்டுல தனியா நின்னதைச் சொன்னீங்களே, அது மனசுல நிக்குது. சொன்னதுக்கு நன்றி." இப்படி எழுதினால் கேட்டது தெரியும். ஆச்சரியப்படும் முகமும் அழும் முகமும் அங்கே வேண்டாம். அடுத்த நொடியே "சூப்பர்ணே, வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பதும் வேண்டாம். அந்தப் பதிவை அவரைக் கேட்காமல் வேறு குழுவுக்கு அனுப்பவே கூடாது. காணொளியில் பயன்படுத்த நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் "சரிண்ணே, புரியுது" என்பதோடு நிறுத்துங்கள்.

மற்றவர் படத்தைப் பகிரும்போது

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. அதற்கு முன் எடுத்த படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது. 2007இல் அகலப் பாதை ஆவதற்கு முந்தைய, குறுகிய மீட்டர் கேஜ் பாதைக் காலத்துப் படங்கள் அதைவிட அரியவை. அப்படியொரு படத்தைக் குழுவில் ஒருவர் போட்டால் எங்கே, எந்த வருடம் எடுத்தது என்று கேளுங்கள். படத்தை உண்மையிலேயே பார்த்தவர்தான் அப்படிக் கேட்பார் என்று எடுத்தவருக்குத் தெரியும். வெளியே பகிர வேண்டுமானால் கேட்டுவிட்டு, பெயரோடு பகிருங்கள். ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுப் போடுவது திருட்டு.

தனிச்செய்தி

வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அது உங்களிடம் கொடுத்த எண் ஆகிவிடாது. ஒருவரிடம் தனியாகக் கேட்க வேண்டியிருந்தால், "உங்களுக்குத் தனியா மெசேஜ் பண்ணலாமா?" என்று குழுவிலேயே கேட்டு, சரி என்றபின் அனுப்புங்கள். பெண் உறுப்பினர் ஒருவர் குழுவில் நல்ல பதில் சொன்னதும் அவருக்குத் தனியாக வரிசையாகச் செய்திகள் போவது நடக்கிறது. அதனாலேயே விஷயம் தெரிந்த பெண்கள் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். நிர்வாகி என்ற முறையில் இதில் நான் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை.

குழுவில் ரயில்வே ஊழியர்களும் இருப்பார்கள். அவர்களிடம் வெளியே சொல்லக் கூடாத அலுவலக விஷயங்களைக் கேட்டு நெருக்காதீர்கள். அவர்கள் சொன்ன பதிலைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வேறெங்கும் போடாதீர்கள். நல்ல மனதோடு சொன்ன ஒரு வரியால் ஒருவருடைய வேலைக்குச் சிக்கல் வரலாம்.

நீங்களே பதில் சொல்லும் நாள்

கொஞ்ச நாளில் உங்களுக்கும் தெரிந்த கேள்வி ஒன்று வரும். நேரில் பார்த்ததை மட்டும், எந்த மாதம் பார்த்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். "இது மேலயே இருக்கு, தேடிப் பாரு" என்று விரட்டாமல் அந்தப் பழைய செய்தியையே எடுத்துக் கொடுங்கள். கேட்டவர் திரும்பி வந்து எழுதினால் அதற்கும் ஒரு குறியாவது வையுங்கள். வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, "தம்பி, போனீங்களா? படம் கிடைச்சுச்சா?" என்று நீங்களே கேளுங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், ஆவலோடு கேளுங்கள். பலர் கூச்சத்தால்தான் பேசாமல் இருக்கிறார்கள். கேட்டதும் படத்தோடு வந்துவிடுவார்கள்.

குழுவை விட்டுப் போகும்போது

ஆர்வம் மாறலாம், போனில் இடம் போதாமல் போகலாம். போவதில் தவறே இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் நீங்கள் வெளியேறினால் இப்போது நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். மற்றவர்கள் நீங்கள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் கேள்விக்காக யாராவது துறைமுக அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால், அதற்கான தேவை முடிந்துவிட்டது என்று முதலில் அவருக்கு எழுதுங்கள். பிறகு எல்லாருக்குமாக ஒரு வரி எழுதிவிட்டு, யாராவது பதில் சொல்ல நேரம் கொடுத்து, மறுநாள் வெளியேறுங்கள்.